பேராவூரணிப் பக்கம் பாதியில் நின்ற கொடிமரம்

இது சாமி கும்பிடப் போன பயணம் அல்ல. எங்கள் கிரேனை ஓட்டும் காதர் பாயை வேலையை விட்டு நிறுத்தப் போன பயணம். போன ஐப்பசி, ஆயுத பூஜை முடிந்து ஒன்பதாம் நாள். நன்னிலத்திலிருந்து பேராவூரணிக்குப் பேருந்தில் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று நேரத்தையும் கட்டணத்தையும் மட்டும் எழுதத்தான் உட்கார்ந்தேன். அன்று நடந்ததை விட்டுவிட்டு எழுத முடியவில்லை.

என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் பதினான்கு வருடமாகக் கிரேன் ஓட்டுகிறார். அந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய பழைய கிரேன் ஒன்று இங்கே வாடகைக்கு ஓடுகிறது. அவரோடு ஒரே அறையில் இருந்து ஊர் திரும்பியவர் காதர் பாய். பராமரிப்பு நோட்டு என் பொறுப்பு. பத்தாவதோடு நின்றவள் நான். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வண்டியின் புத்தகத்தை ஒரு வருடம் படித்தேன். டேங்கில் இருக்கும் ஹைட்ராலிக் எண்ணெயை பம்ப் இழுத்து சிலிண்டருக்குள் தள்ளும், பூம் என்கிற தூக்கும் கை உயரும். பூமை இறக்கினால் அதே எண்ணெய் டேங்குக்குத் திரும்பும். டீசல் மாதிரி அது தீர்ந்துபோகாது. அளவு குறைந்தால் எங்கோ கசிகிறது, நிறம் வெளுத்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரியும் என்ற நினைப்பு கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

ஒரு வாரமாக வண்டி அலறுகிறது என்று கோயில் திருப்பணி ஒப்பந்ததாரர் போன் செய்தார். காதர் பாயைக் கேட்டால் எண்ணெய் சரி, ஃபில்டர் புதுசு, பம்ப் போயிருக்கலாம் என்றார். பம்ப் அப்படித் திடீரென்று போகாது, இவர்தான் கவனிக்காமல் விட்டிருக்கிறார் என்று முடிவு கட்டினேன். ஆளை மாற்று என்று மஸ்கட்டிலிருந்தும் உத்தரவு வந்தது. என் நோட்டில் ‘கோளாறுக்குக் காரணம்’ என்று ஒரு கட்டம் உண்டு. கிளம்பும் முன்பே அதில் பேனாவால் ‘காதர்’ என்று எழுதிவிட்டேன்.

காலை 5.20க்கு நன்னிலத்தில் பேருந்து. திருவாரூர் 20 கிலோமீட்டர், ஏழு ரூபாய். அங்கே 6.20க்கு மன்னார்குடி வண்டி. 28 கிலோமீட்டர், பதினொரு ரூபாய். வழியெல்லாம் நட்டு முடித்த சம்பா, வாய்க்கால் நிறையத் தண்ணீர். 7.30க்குப் பட்டுக்கோட்டை வண்டி; 36 கிலோமீட்டர், பதின்மூன்று ரூபாய். கழிப்பறை தேவைப்படுகிறவர்கள் பட்டுக்கோட்டையிலேயே போய்விடுங்கள். அங்கிருந்து பேராவூரணி 22 கிலோமீட்டர், எட்டு ரூபாய். தென்னந்தோப்புகள் தொடங்கியதும் ஊர் வந்துவிட்டது என்று கொள்ளலாம். கோயில் இன்னும் ஆறு கிலோமீட்டர். ஆட்டோக்காரர் எண்பது கேட்டு அறுபதுக்கு வந்தார். “கொடிமரம் தூக்குறதப் பாக்கவா? ஊரே அங்கதான் இருக்கு” என்றார். போய் இறங்கியபோது மணி 9.55.

நல்ல நேரம் பத்தரைக்கு. என்னைக் கண்டதும் காதர் பாய் ஓடி வந்தார்.

“இன்னைக்குத் தூக்க வேணாம்க்கா. சத்தம் சரியில்ல. என்னன்னு பாத்துட்டு நாளைக்குத் தூக்குவோம்.”

தன் தவறு வெளியே வந்துவிடும் என்று பயப்படுகிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஊர்க்காரர்கள் வேறு சுற்றி நின்றார்கள்.

“எண்ணெய் இருக்கு, ஃபில்டர் புதுசுன்னு நீங்கதானே சொன்னீங்க பாய்? நேரம் தவறக் கூடாது. தூக்குங்க, நான் பொறுப்பு.”

அவர் கேபினில் ஏறினார்.

தூக்குப் பட்டை கட்டிய கொடிமரம் பூமோடு மெல்ல மேலே போனது. பாதி உயரத்தில் பம்பிலிருந்து சரளைக் கல்லை மிக்ஸியில் அரைப்பது போல ஒரு சத்தம். பூம் வெடவெடவென்று உதறியது. இரண்டு டன் மரம் ஆடியது. அதன் அடியில், குழியின் விளிம்பில், எவ்வளவு சொல்லியும் நகராமல் குருக்களும் இரண்டு ஆட்களும். எனக்கு முருகன் பேர்கூட வாயில் வரவில்லை.

காதர் பாய் அப்படியே நிறுத்திவிட்டு விடாமல் ஹாரன் அடித்தார். குழியருகே நின்றவர்கள் அப்போதுதான் ஓடினார்கள். கேபினிலிருந்து என்னைப் பார்த்துக் கத்தினார்.

“பாரம் தொங்குறப்ப நான் எறங்கக் கூடாதுக்கா. நீங்க டேங்க் மூடியத் தொறங்க.”

ஏறினேன். மூடி திரும்பவில்லை. அதன் மேல் விரல்கடை கனத்துக்குச் சந்தனம் சிமெண்டாக இறுகியிருந்தது. ஆயுத பூஜைக்கு வண்டி வீட்டுக்கு வந்தபோது நான் அப்பியது. வண்டியிலேயே உயரத்தில், உருண்டையாக, பளபளவென்று இருந்ததால் அதுதான் நெற்றி என்று நினைத்தேன். வீட்டுச் சாவியால் சுரண்டித் திருகினேன். புஸ்ஸென்று காற்று உள்ளே பாய்ந்தது. வெளியே வரவில்லை, உள்ளே. கொஞ்ச நேரத்தில் சத்தம் அடங்கியது.

பூம் உயரும்போது டேங்கில் எண்ணெய் இறங்கும். இறங்கிய அளவுக்குக் காற்று அந்த மூடியின் ஓட்டைகள் வழியாக உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் பம்புக்கு எண்ணெய் வராது. புத்தகத்தில் இந்தப் பக்கத்தையும் படித்திருக்கிறேன். அது இந்த மூடி என்று மட்டும் தெரியவில்லை.

மரத்தைத் தரையில் இறக்கிவிட்டு வந்த காதர் பாயிடம், தினமும் வண்டியைத் துடைப்பவர் இதைப் பார்க்கவில்லையா என்று கேட்டேன்.

“பாத்தேன்க்கா. தானா உதிர்ற வரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாதுன்னு நீங்கதான் சொன்னீங்க. உங்க சாமிக்கு வச்சதுல நான் எப்படிக் கை வைக்கிறது? ஓரத்துல சந்து இருக்கும்னு நெனச்சேன். அது என் தப்பு.”

குருக்களுக்கு இன்னும் மூச்சு வாங்கியது. “சுவாமிக்குச் சாத்தற சந்தனத்தையே மறுநாள் களைஞ்சுடறோம். நீங்க வண்டிக்கு ஒம்போது நாளா விட்டு வச்சிருக்கேளே” என்றார்.

மூடியை டீசலில் கழுவி, அதற்குள் இருக்கும் காற்று ஃபில்டரை மாற்றி, மறுநாள் காலை ஏழு மணிக்குக் காதர் பாயே வண்டியை ஓட்ட, கொடிமரத்தை நட்டார்கள். பம்ப் முனகக்கூட இல்லை.

போக ஆன செலவு தொண்ணூற்றொன்பது ரூபாய். பகலிலேயே திரும்ப நினைப்பவர்கள் இரண்டு மணிக்குள் பேராவூரணியில் பேருந்து ஏறிவிடுங்கள். கிரேன், பொக்லைன் வைத்திருப்பவர்கள் சந்தனப் பொட்டைக் கதவில் வையுங்கள். கண்ணாடியிலும் மூடியிலும் வேண்டாம். ஓட்டுகிறவர் வேண்டாம் என்று சொன்னால் நல்ல நேரத்தைக் காட்டி அவரை ஏற்றாதீர்கள். இதைக் காசு கொடுத்துக் கற்கவில்லை. மூன்று பேர் உயிரை வைத்துக் கற்றேன்.

திரும்பும் பேருந்தில் மன்னார்குடி தாண்டியதும் நோட்டைத் திறந்தேன். ‘காதர்’ என்பதை அடித்துவிட்டு என் பெயரை எழுதினேன். வண்டி குலுங்கியதில் எழுத்து கோணலாகத்தான் விழுந்தது. திருத்தி எழுதவில்லை.