மாமா புரட்டிப் பூட்டிய ஸ்டியரிங்

எங்கள் லொறி தேங்காய்க் கடைக்குள் புகுந்ததற்குக் காரணம் நான்தான் என்று எங்கள் சொந்தக்காரர் இன்றைக்கும் சிரித்துச் சிரித்துச் சொல்லுவார்கள். எனக்குப் பேரப்பிள்ளைகள் வந்த பிறகும் இந்தப் பழி தீரவில்லை. ஆனபடியால் நடந்ததை நானே சொல்லுகிறேன்.

இரண்டாம் உலகச் சண்டை முடிந்து பட்டாளத்துக்காரர் கப்பலேறியபோது அவர்களுடைய லொறிகளை ஏலத்தில் விட்டார்கள். அப்பா ஒன்றை எடுத்துக் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுவந்தார். அமெரிக்க லொறி, ஸ்டியரிங் இடப்பக்கம். நம் நாட்டில் வாகனம் ஓடுவதும் தெருவின் இடப்பக்கம். முன்னால் மாட்டு வண்டி ஒன்று போனால், எதிரே என்ன வருகிறது என்று அப்பாவுக்குத் தெரியாது. பார்த்துச் சொல்ல வலப்பக்கம் ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நான். அரிசி மூட்டையோடு களனிப் பக்கம் போகையில் தலையை வெளியே நீட்டி, "வாங்கோ, வாங்கோ... பொறுங்கோப்பா, பஸ் வருது" என்பேன். என் சொல்லுக்குத்தான் லொறி ஓடியது. அப்படி வேலை பார்த்த இன்னொரு பெண்பிள்ளையைக் கொழும்பில் காட்டுங்கள் பார்ப்போம். பள்ளிக்கூடம் போவது குறைந்து குறைந்து, லொறி ஓடாத நாளில் மட்டும் என்றாகியது. எனக்கு அது நட்டமாகப் படவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா, அம்மாவின் தம்பி, திருகுசாவிகளையும் சுத்தியலையும் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தார்.

"அத்தான், ஸ்டியரிங்கை வலப்பக்கம் மாத்திவிடுறன். பிறகு இவள் தேவையில்லை."

இவள் தேவையில்லையாம்! என் முகத்துக்கு நேரே சொன்னார்.

தரைத்தட்டில் புது ஓட்டை வெட்டினார். பழைய ஓட்டையைப் பிஸ்கட் தகரத்தால் அடைத்தார். ஸ்டியரிங்கின் அடியில் இருக்கிற இரும்புப் பெட்டி வலப்பக்கம் பொருந்தவில்லை. அதைக் குப்புறப் புரட்டிப் பூட்டினார். நான் லொறிக்கு முன்னால் முகத்தைத் தூக்கிக்கொண்டு நின்றேன். மாமா ஸ்டியரிங்கை வலமாகச் சுற்றினார். முன்சில்லுகள் லொறியின் இடப்பக்கம், தேங்காய்க் கடை இருந்த பக்கம், திரும்பின.

"மாமா, சில்லு மாறித் திரும்புது!"

"எதிர நிண்டு பாத்தால் வலம் இடமாத்தான் தெரியும். நீ கண்ணாடி பாக்கிறேல்லையோ?"

"இல்லை மாமா, தேங்காய்க் கடைப் பக்கமெல்லோ திரும்புது!"

"பாத்தீங்களே அத்தான், சீற் போகுதெண்ட எரிச்சலை?"

அப்பா சிரித்தார். என் வாயை நம்பிக் களனி வரை லொறி ஓட்டிய அதே அப்பா!

சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்து, சூடம் கொளுத்தி, முன்னால் நின்ற என்னை விலகச் சொல்லிவிட்டு வெளிக்கிட்டார்கள். தெருவில் இறங்கி அப்பா வலமாகச் சுற்ற, லொறி இடமாகப் போயிற்று. பதறி இன்னும் வலமாகச் சுற்றினார்; அது இன்னும் இடமாகப் போயிற்று. "அய்யோ, பிஸ்ஸுத!" என்று அலறிக்கொண்டு சிங்கள முதலாளி கடைக்கு வெளியே பாய்ந்தார். பைத்தியமா என்று அவர் கேட்டது நியாயம்தானே. குவித்திருந்த தேங்காயெல்லாம் தெரு முழுக்க உருண்டது. நல்ல காலம், ஒருவருக்கும் காயமில்லை.

மாமா இறங்கிவந்து முதலில் சொன்னது என்ன தெரியுமா?

"நல்ல காரியத்துக்கு வெளிக்கிடேக்க பொம்பிளைப்பிள்ளை குறுக்க நிண்டால் இப்பிடித்தான்."

கூடி நின்றவர்களெல்லாம் தலையாட்டினார்கள். பெட்டியைப் புரட்டியவர் அவர், பழி எனக்கு. வாயால் சொன்னேனே, அது ஒருவர் காதிலும் விழவில்லை. முன்னால் நின்றது மட்டும் எல்லார் கண்ணிலும் பட்டுவிட்டது.

பின்னேரமே பெட்டி பழைய பக்கத்துக்குப் போயிற்று. நான் ஒருவரையும் கேட்காமல் வலப்பக்கத்துச் சீற்றில் ஏறி, கதவை அடித்துச் சாத்தினேன். முடிந்தால் இறக்கிப் பாருங்கள் என்று இருந்தேன்.

அப்போது அம்மா வந்தார். லொறிக்குக் கிட்ட ஒரு நாளும் வராதவர்.

"தம்பி, நான் கேட்டபடியாத்தானே இவ்வளவும் செய்தனீ. இன்னொருக்காச் செய்து பாக்கேலாதே?"

"ஏலாதக்கா. அத்தான் இனி விடமாட்டார்."

மாமாமேல் இருந்த கோபமெல்லாம் ஒரே நொடியில் அம்மாமேல் திரும்பியது. என் சீற்றைப் பறிக்கச் சொன்னது இவரா! அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டேன். அப்போது எனக்கு என் பெயரை எழுதத் தெரியும். ஒரு பிள்ளைக்கு அதற்கு மேல் பள்ளிக்கூடம் என்னத்துக்கு என்று நினைத்திருந்தேன்.