ஒரே பேஸுக்கு ஓடிய தெரு

"மேடம், நல்லூர்ல மறுபடியும் ஃபியூஸ் போயிருச்சுங்க." எங்கள் மின்வாரிய ஆபீஸ் வயர்மேன் ராசப்பன் போனில் சொன்னபோது நான் டீயில் வாய்கூட வைக்கவில்லை. அதே டிரான்ஸ்பார்மரில் அன்று காலை இது இரண்டாவது தடவை. எனக்கு எரிச்சலாக வந்தது. முந்தைய வாரம்தான் அந்தத் தெருவின் லோடை அளந்து, கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு, மின்சாரம் வரும் ரெட், யெல்லோ, ப்ளூ மூன்று பேஸ் கம்பிகளுக்கும் சமமாகப் பிரித்திருந்தேன்.

தெருவுக்குப் போய்ச் சேர்ந்தால், தன் வீட்டு வாசலிலேயே புவனேஸ்வரி நின்றிருந்தார். வீட்டு முன்னறையில் மெஷின் போட்டுக் குழந்தைகள் பனியன் தைப்பவர்.

"ஏனுங்க மேடம், இன்னைக்குப் பார்த்துத்தானா? சாயங்கால லாரிக்குச் சரக்கு போகோணுங்க. காதர்பேட்டை மொத்தக் கடைக்காரர் மொத தடவையா நம்மள நம்பி ஆர்டர் குடுத்திருக்காருங்க. தவறுச்சுன்னா அப்புறம் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கமாட்டாருங்க."

உள்ளே அயர்ன் போடாத துணி மலையாகக் குவிந்து கிடந்தது. பாவமாக இருந்தது.

புது ஃபியூஸ் போட்டதும் ஆம்பியர் பார்க்கும் டாங் டெஸ்டரை ரெட் பேஸில் நான் பிடித்தேன், ப்ளூவில் ராசப்பன். கொஞ்ச நேரம் எல்லாம் ஒழுங்காக இருந்தது. திடீரென்று என் மீட்டரில் ஆம்பியர் மளமளவென்று இறங்கியது.

"மேடம், இங்க ஏறுதுங்க! லோடு நடந்து வருதுங்க!" என்று கத்தினார் ராசப்பன். டப்! ப்ளூ ஃபியூஸ் போய்விட்டது.

புவனேஸ்வரியிடம் ஓடினேன். "இப்ப என்ன பண்ணுனீங்க?"

"ஒண்ணும் பண்ணலீங்க. ரெட்டுல மெஷின் இழுக்கலீங்க. சுவிட்ச ப்ளூவுக்குத் திருப்புனேன், ஜம்முனு ஓடுச்சு. நம்ம மட்டும் நல்லா இருந்தாப் போதுங்களா? தெரு வாட்ஸப் குரூப்புல போட்டுட்டேனுங்க."

போனை வாங்கிப் பார்த்தேன். 'ப்ளூ நல்லா இருக்குங்க, எல்லாரும் மாத்திக்குங்க.' அதன்கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். மூன்று பேஸ் இணைப்புள்ள வீடுகளில், வேண்டிய பேஸுக்கு மாறிக்கொள்ள ஒரு சுவிட்ச் இருக்கும். அந்த அம்மாவின் நல்ல மனசுக்கு மரியாதை கொடுத்து மொத்தத் தெருவும் ஒரே நேரத்தில் அதைத் திருப்பியிருக்கிறது! கோபம் போய் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ராசப்பன் மறுபடி ஃபியூஸ் போட, நான் அதே போனில் பேசிப் பதிந்து குரூப்புக்கு அனுப்பினேன். கிழக்குப் பக்கம் ரெட், மேற்குப் பக்கம் யெல்லோ, முக்கு வீடுகள் ப்ளூ. லாரி கிளம்பும்வரை யாரும் சுவிட்சைத் தொடக்கூடாது.

மதியத்துக்குமேல் ரெட்டில் வோல்டேஜ் கொஞ்சம் தொய்ந்தது. கிழக்குப் பக்கத்துப் புவனேஸ்வரியின் கை தானாகச் சுவிட்சுக்குப் போனது.

"நீங்க திருப்புனா தெருவே திருப்பும்" என்றேன்.

கையைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு, முருகனைக் கூப்பிட்டபடி நின்றார். ஃபியூஸ் தாங்கியது. கடைசிப் பெட்டி ஏறி லாரி கிளம்பியபோது, சொந்தச் சரக்கே போவதுபோல் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"குரூப்புல நன்றி சொல்லட்டுங்களா மேடம்?"

"தாராளமா. பேஸ் பேரை மட்டும் எழுதீராதீங்க."

அதன்பிறகு ஓய்வுபெறும்வரை, எந்தத் தெருவுக்கு லோடு அளக்கப் போனாலும் முதலில் அந்தத் தெரு குரூப்பில் என்னைச் சேர்க்கச் சொல்வேன். டெஸ்டரை எடுப்பது அதற்கப்புறம்தான்.