சரிவில் பதிந்த தடம்

தேயிலை விலை சரிந்து கிடந்த வருடம் அது. குன்னூர் அருகே ஓர் எஸ்டேட்டில் கவாத்துக்கு ஆள் வைக்காமல் விட்டதால் செடிகள் ஆளுயரம் வளர்ந்து காடாகியிருந்தன. விலங்கியல் முடித்த நான் அங்கே பாலூட்டிகளைக் கணக்கெடுக்கப் போயிருந்தேன்.

ஒரு காலையில், கொழுந்து பறிக்கும் சரசக்கா சேற்றுச் சரிவில் ஒரு காலடித் தடத்தைக் காட்டினார்.

"ஏனுங்க அம்மணி, இது சிறுத்தைங்களா?"

குனிந்து பார்த்தேன். நான்கு விரல்கள், நான்கிலும் நகக்குறி. பூனைக் குடும்பம் நடக்கும்போது நகத்தை உள்ளிழுத்துக்கொள்ளும். நாய்க் குடும்பத்தால் அது முடியாது. நாங்கள் முதலில் படிக்கும் பாடமே இதுதான்.

"நாய்தாங்க அக்கா" என்றேன்.

"அட, சிறுத்தைன்னா இன்னைக்கு லீவு உடுவாங்கன்னு பாத்தனுங்க!" என்று சிரித்தபடி கூடையை மாட்டிக்கொண்டு செடிகளுக்குள் இறங்கினார்.

ஒரு மணி நேரத்தில் அலறல் கேட்டது. சிறுத்தை அவர் கழுத்தைக் கவ்வியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துவிட்டார்.

வழுக்கும் சரிவில் சிறுத்தையும் நகத்தை ஊன்றித்தான் நடக்கும். அதுவும் நான் படித்ததுதான். தடத்தின் அகலத்தையும் உள்ளங்காலின் வடிவத்தையும் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நகத்தைக் கண்டதுமே நிறுத்திவிட்டேன்.

துக்கத்துக்குப் போனபோது அவர் கணவர் எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டார்.

"நீங்க என்னங்க பண்ணுவீங்க? நல்லாப் பாத்துட்டுத்தான சொன்னீங்க" என்றார்.

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். பக்கத்து வீட்டார் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.