ஏறச் சொன்னது யார்?

விமானக் கட்டுப்பாட்டு உரிமம் வாங்கிப் பத்தொன்பது வருடம். அதில் ஒரு கறை இல்லை. அலுவலகத்தில் அவருக்கு ‘மறுபடி அக்கா’ என்று பெயர். எதையும் இரண்டு தரம் கேட்காமல் விடமாட்டார். “கேஸை மூடிட்டேன்னு ஒரு தரம் சொன்னா காதுல ஏறாதா?” என்று கணவர் அலுத்துக்கொள்வார். அக்கா போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வருவார்.

அவர் கவனிப்பது நடுக்கடலுக்கு மேலே பறக்கும் விமானங்களை. ரேடார் அங்கே எட்டாது. இங்கே தட்டும் உத்தரவு செயற்கைக்கோள் வழியாகப் போய் விமானியின் திரையில் எழுத்தாக விழும். விமானி பொத்தானை அழுத்தினால், உத்தரவை ‘ஏற்றோம்’ என்று பதில் வரும். “குரல்ல தூக்கக் கலக்கம்கூடத் தெரிஞ்சிடும். எழுத்துல என்ன தெரியும்?” என்பார் அக்கா. பதில் தாமதமானால் காத்திருக்க மாட்டார். ரேடியோவில் கூப்பிட்டுச் சொல்லிவிடுவார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, அவர் எதுவும் அனுப்பாதபோதே ஒரு சரக்கு விமானம் ‘ஏற்றோம்’ என்றது. ‘பொருந்தாத பதில்’ என்று கணினி அதைச் சாம்பல் நிறத்தில் காட்டியது. இப்படி வரும் வரிகளை எல்லோரும் ஒரே சொடுக்கில் மூடிவிடுவார்கள். அக்கா ரேடியோவை எடுத்தார்.

“இப்ப எந்த உயரத்துல இருக்கீங்க?”

“முப்பத்தேழாயிரத்துக்கு ஏறிக்கிட்டிருக்கோம். நீங்கதானே ஏறச் சொன்னீங்க?”

அதே தடத்தில், அதே முப்பத்தேழாயிரம் அடியில், ஒரு பயணிகள் விமானம் போய்க்கொண்டிருந்தது. “ஏறாதீங்க! பழைய உயரத்துக்கே இறங்குங்க!” இறங்கிவிட்டார்கள்.

மேற்பார்வையாளர் தனியே அழைத்தார். “அனுப்பிட்டு மறந்துட்டீங்களாக்கா?”

“நான் அனுப்பல.”

“அப்ப செயற்கைக்கோளே ஏறச் சொல்லிச்சா? அதுக்கு யாரு உரிமம் குடுத்தது?”

விசாரணை முடியும்வரை அக்காவின் உரிமம் நிறுத்திவைக்கப்பட்டது. குற்றம் அவருடையது என்றால் திரும்பக் கிடைக்காது. கேன்டீனில் அவர் நுழைந்ததும் பேச்சு நின்றது. டீ குடிக்கப் போன நேரத்தில் யாராவது தன் கணினியைத் தொட்டிருப்பார்களோ? பக்கத்து மேசைக்காரர் ஏன் முகம் கொடுத்துப் பேசவில்லை? கடைசியில் தன் விரல்கள்மேலேயே சந்தேகம் வந்தது.

“நீ அனுப்பலதானே?” என்றார் கணவர்.

“நீங்களுமா?”

“ஒரு தரம்தாம்மா கேட்டேன்.”

செயற்கைக்கோள் இணைப்புப் பொறியாளர் பதிவுகளை அலசிவிட்டு வந்தார். “அனுப்பினது நீங்கதான்க்கா. ஆனா முந்தின நாள்.”

திங்கட்கிழமை அதே சரக்கு விமானம் போகும்போது அக்கா ஏறச் சொல்லி எழுத்தில் அனுப்பியிருக்கிறார். பதில் வரவில்லை. வழக்கம்போல ரேடியோவில் சொன்னார், விமானமும் ஏறியது. எழுத்து மட்டும் நடுவழியில் சிக்கிக் கிடந்திருக்கிறது. மறுநாள் திரும்புகையில் விமானம் மீண்டும் இணைப்பில் நுழைந்ததும் அது போய்ச் சேர்ந்தது. புதிய விமானிகளுக்கு அது புது உத்தரவு.

“பார்த்தீங்களா, ரெண்டு தரம் சொல்ற பழக்கத்தால வந்த வினை!” என்றார் மேற்பார்வையாளர்.

“சரி, என் தப்புதான். எழுத்து வந்தா விட்டுடுங்கன்னு விமானிகிட்ட சொல்லியிருக்கணும்,” என்றார் அக்கா. “இதுவரைக்கும் நாம மூடின சாம்பல் வரியெல்லாம் என்ன? யாராவது பார்த்தீங்களா?”

பொறியாளர் மேற்பார்வையாளரைப் பார்த்தார். மேற்பார்வையாளர் கடிகாரத்தைப் பார்த்தார்.

எழுத்து சிக்கியது இணைப்பின் கோளாறு என்பதால் உரிமம் பறிபோகவில்லை; தேர்வு எழுதித் தேறினால் மேசைக்குத் திரும்பலாம் என்று முடிவானது. தேர்வு வரும் வியாழக்கிழமை. விடைத்தாளைத் திருத்தப்போவது மேற்பார்வையாளர்.