கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம்

அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் சந்தேகப் பிராணி. பொருத்தமான பெயர்தான். எந்த ஆப்பும் வெளியே போவதற்குமுன் அதை நோண்டி நோண்டிக் குறை கண்டுபிடிக்கத்தான் அவளுக்குச் சம்பளமே. வீட்டிலும் அதே கதை. அடுப்பை அணைத்தோமா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி வருவாள்.

அப்படிப்பட்டவள் அன்றைக்கு, முகம்கூடப் பார்க்காத ஓர் ஆளிடம் அப்பாவை விட்டுவிட்டு வந்திருந்தாள். இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கும் அப்பா. வயதானவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்பும் ஆப் அவள் அலுவலகத்துடையது. அதில்தான் இந்த ஆளைப் பிடித்தாள். முழுசாய் ஐந்து நட்சத்திரம். காலையில் அவள் கிளம்பிய பிறகு அவர் வர, கணவன் கதவைத் திறந்துவிட்டு அவனும் வேலைக்குப் போய்விட்டான்.

அலுவலகக் கூட்டத்தில் ஒரே இழுபறி. முன்பின் தெரியாத ஆளை வாடிக்கையாளர் எதை வைத்து நம்புவது? நட்சத்திரமே போதும், செலவில்லை என்றார் முதலாளி. தெரிந்தவர் ஒருவர் தன் பெயரைப் போட்டு ஜாமீன் நிற்கட்டும் என்றார் வடிவமைப்பாளர். முடிவை இவள் தலையில் கட்டினார்கள். இவள் நட்சத்திரத்தின் பக்கம். என் வீட்டிலேயே சாட்சி இருக்கிறது என்று அந்த ஆளின் பக்கத்தைப் பெரிய திரையில் திறந்து, கீழே இருந்ததைச் சத்தமாக வாசித்தாள்.

"தங்கமான மனுஷர். கண்ணை மூடிக்கிட்டு நம்பலாம்."

வாசிக்கும்போதே பொறி தட்டியது. அது அவளே எழுதிய வரி! ஆப்பைச் சோதிப்பதற்காக, இல்லாத வாடிக்கையாளர்கள் பெயரில் அள்ளிப் போட்ட நட்சத்திரங்களை அழிக்க மறந்திருந்தாள். பிறகு நிஜ ஆட்களைச் சேர்த்தபோது அவை அவர்கள் தலையில் போய் உட்கார்ந்துகொண்டன. ஆள் பிடித்த அவசரத்தில் நட்சத்திரத்தைப் பார்த்ததோடு சரி, வரியை வாசிக்கவில்லை. தான் விட்ட புளுகைத் தானே நம்பியிருக்கிறாள்.

வீட்டுக்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். ஊகூம். பொய் நட்சத்திரங்களை மொத்தமாக அழித்துவிட்டு, பையைக்கூட எடுக்காமல் ஓடினாள்.

சாவி பையில். கதவைத் தட்டோ தட்டென்று தட்டினாள். யார் என்றது உள்ளிருந்து ஓர் ஆண் குரல். மகள் என்றாள். ஐயாவின் மகள் இந்த நேரத்தில் வரமாட்டார், திறக்க முடியாது என்றது குரல். அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. என் வீட்டுக் கதவைத் திறக்க மாட்டேன் என்று சொல்ல இவர் யார்?

"கோவிச்சுக்காதீங்கம்மா. உங்களை நான் பார்த்ததில்ல. ஐயா குரலைக் கேட்டுச் சொல்லட்டும்."

உள்ளறையிலிருந்து அப்பா சொன்னார்: "இந்தக் கத்தல் எம்பொண்ணுதான். திறந்துவிடுங்க."

அப்பா மழமழவென்று சவரம் செய்த முகத்தோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தூக்கம் கெடுகிறது என்று போனின் சத்தத்தை நிறுத்தச் சொன்னதும் அவர்தானாம். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அப்பாவைப் பார்த்துக்கொள்ள வந்தவர் வாடிய முகத்தோடு தன் போனை நீட்டினார்.

"நட்சத்திரமெல்லாம் போயிடுச்சும்மா. நான் என்ன தப்பு பண்ணேன்?"

"தப்பு என்னுதுங்க. அதெல்லாம் நானா போட்டது. ஒண்ணுகூட உங்களுதில்ல."

"அப்படியா? முன்னாடி வேலை பார்த்த வீட்ல யாரோ போட்டாங்கன்னு சந்தோஷப்பட்டுக்கிட்டு இருந்தேன்."

அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்த நேரம் பார்த்து முதலாளி கூப்பிட்டார். நட்சத்திரமா, ஜாமீனா? ஜாமீன் என்றாள். போனைக் கீழிறக்கி, இவருக்கு ஜாமீன் நிற்பீர்களா என்று அப்பாவைக் கேட்டாள்.

"ஒரு காலைப்பொழுதுதானே ஆச்சு. அதுக்குள்ள சத்தியமெல்லாம் பண்ண முடியாது. நாளைக்கும் இவரே வரட்டும்."

அதையே அப்படியே, அப்பாவின் பெயரைப் போட்டு, ஆப்பில் அந்த மனிதரின் வெறும் பக்கத்தில் எழுதினாள்.