குலுக்கலில் வந்த காடு

நான்கு வருடங்களுக்கு முன்பு, இடவப்பாதி என்று எங்கள் பக்கம் சொல்லும் தென்மேற்குப் பருவமழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்த நேரம். இடுக்கி மலையில் நான் பிறந்து வளர்ந்த அதே தேயிலை எஸ்டேட்டுக்கு, இந்தத் தடவை ஆராய்ச்சி மாணவியாகப் போயிருந்தேன். கொழுந்தில் வெள்ளை வெள்ளையாகக் கொப்புளம் போடும் ஒரு நோய்தான் என் முனைவர் பட்ட ஆய்வு. பாழாய்ப்போன அந்த நோய் மழையில்தான் கொழிக்கும். அதனால் எனக்கும் மழையில்தான் வேலை.

அப்பா எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா கொழுந்து எடுத்தே அக்காவை நர்ஸுக்குப் படிக்கவைத்தாள், என்னையும் இவ்வளவு தூரம் கொண்டுவந்தாள். அக்காவுக்குக் கோட்டயத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை. அம்மா அந்த வருடத் தொடக்கத்தில்தான் ரிட்டயர் ஆகியிருந்தாள். நாங்கள் இருக்கும் லயத்து வீடு, தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளில் ஒன்று, கம்பெனியுடையது. வேலையிலிருந்து நின்றால் வீட்டை ஒழித்துக் கொடுக்க வேண்டும். பிள்ளைகளில் ஒருவர் எஸ்டேட் வேலைக்குப் பெயர் பதிந்தால் மட்டும் வீடு தங்கும். "மேனேஜர்கிட்ட பேசியாச்சு, ஒம் படிப்பு முடியிற வரைக்கும் இருந்துக்கிடலாம்னுட்டாரு" என்று அம்மா போனில் சொல்லியிருந்தாள். நானும் நம்பித் தொலைத்தேன்.

எங்கள் ஊரில் காடு என்றால் தேயிலைக் காடு. ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். எந்தக் காட்டில் இலை எடுப்பது என்பதை ஆராய்ச்சி செய்பவர் தன் இஷ்டத்துக்கு முடிவு செய்யக் கூடாது. நம்பர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கி, வந்த காட்டில்தான் எடுக்க வேண்டும். வசதிக்காக மாற்றினால் ஆய்வே பொய் என்று என் கைடு படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார். எனக்குப் பதினேழாம் நம்பர் காடு வந்திருந்தது.

அதைக் கேட்டதும் அம்மாவின் முகம் மாறிவிட்டது. "அங்கிட்டு வேணாம்டி. ஆன நிக்கிதாம். வீட்டுக்குப் பின்னாடி இல்லாத எலையா?" என்றாள். அங்கே அட்டை மொய்க்கும் என்றாள். கடைசியில் தனக்கு நெஞ்சு வலிப்பதாகக்கூடச் சொன்னாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எஸ்டேட்ல ஒனக்கு மட்டுமே தெரிஞ்ச ஆனையா அது?" என்று கேட்டுவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

பதினேழாம் நம்பர் காட்டில் பெண்கள் வரிசையாக நின்று கொழுந்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லோர் தலையிலும் பிளாஸ்டிக் தாள். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. வரிசையின் கோடியில் ஒருத்தி மட்டும் தாளை முகத்துக்கு இழுத்துவிட்டுத் திரும்பி நின்றாள். முகத்தை மறைத்து என்ன பிரயோஜனம்? கூடவே பிறந்தவளின் முதுகு எனக்குத் தெரியாதா?

பக்கத்தில் நின்ற அம்மாள் ஒருத்தி, "சொல்லிரு புள்ள, இன்னும் எத்தன நாளைக்கு ஒளிஞ்சுகிட்டு இருப்ப?" என்றாள். அக்கா திரும்பினாள். ஒவ்வொரு ராத்திரியும் போனில் வார்டு கதை சொன்னவள், "டூட்டில வீடியோ கால் கூடாதுடி" என்று தட்டிக்கழித்தவள், இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு என் எதிரில் நின்றாள். நான் ஊருக்கு வந்த நாளிலிருந்து எஸ்டேட்டின் கீழ் டிவிஷனில் சித்தி வீட்டில் படுத்துக்கொண்டிருந்தாளாம். ஊருக்கே தெரிந்திருக்கிறது. தெரியாத ஒரே ஆள் நான்.

வாய்க்கு வந்தபடி கத்தினேன். அழுதேன். இப்போதே ஆராய்ச்சியை விட்டுவிட்டு நானே பெயர் பதிகிறேன் என்றேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"இதுக்குத்தாண்டி சொல்லல. வீட்ட ஒழின்னு ஆள் அனுப்பிட்டாங்க, அம்மாவ எங்க கொண்டுபோயி வைக்க? நான் படிச்சு முடிச்சவ, எப்ப வேணாலும் திரும்பப் போயிக்கிடலாம். நீ பாதியில நிக்கிறவ. விட்டா போச்சு."

அதற்கு மேல் பேச நேரமில்லை. சூப்பர்வைசர் குரல் கொடுத்ததும் அவள் வரிசைக்குப் போய்விட்டாள். நான் செடிகளுக்கு நடுவில் உட்கார்ந்து மழையில் நனைந்துகொண்டிருந்தேன். ஓர் இலைகூட எடுக்க மனம் வரவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அவளே வந்தாள். "எந்த எல வேணும், காட்டு" என்றாள். கொப்புளம் போட்ட இலையைக் காட்டினேன். வெந்து ஊறிப்போயிருந்த விரல்களால் ஒவ்வொன்றாகக் கிள்ளிக் கவரில் போட்டு, மருந்துப் பொட்டலத்தில் எழுதுவதுபோல் அழகாக நம்பர் எழுதிக் கொடுத்தாள்.

ஆய்வை முடித்தேன். பட்டமும் வாங்கிவிட்டேன். இப்போது ஒரு கல்லூரியில் தற்காலிக வேலை. வருடா வருடம் நீட்டிப்பார்களா என்று காத்திருக்கும் வேலை. போன வருடம் அக்கா இரண்டு ஆஸ்பத்திரிகளுக்கு எழுதிப் போட்டாள். இத்தனை வருடம் வார்டுப் பக்கமே போகாதவளை எப்படி எடுப்பது என்று இரண்டிலும் கைவிரித்துவிட்டார்கள். எப்போது வேண்டுமானாலும் திரும்பிப் போகலாம் என்று அவள் சொன்னது, என்னைப் படிப்புக்குத் திருப்பி அனுப்புவதற்காகச் சொன்னதுதான் போலிருக்கிறது. அவள் நின்றால் வீடு போகும் என்பதால் இன்றைக்கும் கொழுந்து வெட்டுகிறாள். அம்மாவுக்கும் அவளுக்கும் தலைக்கு மேல் ஒரு கூரையை நான் போட்டு, அவளை அந்த மலையிலிருந்து இறக்கிக் கூட்டிவரும் நாள் வரை, படிப்பை முடித்துவிட்டேன் என்று என்னால் யாரிடமும் சொல்ல முடியாது.