பந்தை யார் கையில் கொடுப்பது

சுதந்திரம் வந்த மறு வருஷம், ஆஸ்திரேலியாவுக்குப் போன நம் கிரிக்கெட் அணி அடிமேல் அடி வாங்கித் திரும்பியது. அதுவரை சிதம்பரத்தில் கிரிக்கெட்டைப் பற்றி வாய் திறக்காதவர்கள்கூட அந்தக் கோடையில் பேச ஆரம்பித்தார்கள். கீழவீதியில் ஒரு சைக்கிள் கடை இருந்தது. காலையில் அங்கே பேப்பர் வந்து விழுந்ததும் ஒருவர் உரக்கப் படிப்பார். சுற்றி நிற்பவர்கள் தீர்ப்புச் சொல்வார்கள். யார் சொன்னாலும் தீர்ப்பு ஒன்றுதான். கிழங்களை வீட்டுக்கு அனுப்பு, இளரத்தம் பாய்ச்சு.

அந்த வார்த்தையைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ரத்தம் பாய்ச்சுவதாம், வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவது மாதிரி. வாய்க்கால் நிறையத் தண்ணீர் நிற்கிறது. மடையைத் திறக்க வேண்டியவன் மடை மேலேயே குந்திக்கொண்டிருந்தால் வயல் எப்படி நனையும்? நான் யாரோ சொல்லக் கேட்டு இதை எழுதவில்லை. மடை மேல் குந்தியிருந்தவரை நேரில் பார்த்திருக்கிறேன். அவர் தலைமையில் ஒரு நாள் முழுக்க ஆடியும் இருக்கிறேன்.

நானும் என் தாய்மாமன் மகனும் அப்போது சிதம்பரத்தில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தோம். மாமாவுக்குக் கீரப்பாளையத்தில் நிலம். மச்சான் கணக்குப் பாடம் எடுத்திருந்தான். என்னைவிட ஒரு வயது சின்னவன், ஆனால் ஒரு சாண் உயரம் கூட. அவன் வேகமாகப் பந்து போடுவான். நான் விக்கெட் கீப்பர். தினமும் விடிந்ததும் கல்லூரி மைதானத்துக்குப் போய்விடுவோம். ஒற்றை ஸ்டம்பை நட்டு அவன் போட்டுக்கொண்டே இருப்பான், நான் பின்னால் நின்று பிடித்துக்கொண்டே இருப்பேன். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் புல் தரையில் ஆட்டம் கிடையாது. கெட்டித் தரையில் தேங்காய் நார்ப் பாயை விரித்து, இழுத்துக் கட்டி, சுற்றிலும் ஆணி அடித்துவிடுவார்கள். அந்தப் பாயில் பட்டதும் மச்சானின் பந்து பாம்பு தலை தூக்குவது போல நிமிர்ந்து வெளியே திரும்பும். என் இடது கைச் சுண்டுவிரல் கோணிப்போனது அவன் புண்ணியத்தில்தான்.

ஆவணி பிறந்த சமயம் கடலூரிலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். சென்னையிலிருந்து ஒரு டீம் வருகிறது, மஞ்சக்குப்பம் மைதானத்தில் எங்கள் ஜில்லா டீமோடு ஆடப் போகிறது. கூடவே பெரிய மனிதர்கள் இரண்டு பேர் வருகிறார்கள். ஒவ்வொரு ஜில்லாவாகப் போய் இளம் ஆட்டக்காரர்களைப் பார்த்துப் பொறுக்கி, சென்னையில் வைத்துப் பயிற்சி கொடுத்து, மேலே அனுப்பப் போகிறார்கள். மேலே என்றால் மாகாண அணி, அதற்கும் மேலே இந்தியா. எங்கள் இரண்டு பேருக்கும் ஜில்லா டீமில் இடம் கிடைத்தது.

மாமாவிடம் சொன்னதும் அவர் என்னைத்தான் பிடித்துக்கொண்டார்.

"இன்னா மாப்ள, நடவு நேரத்துல இவன இட்டுக்கினு போயி பந்து போட வுடப் போறியா?"

"இந்தியா டீமுக்கு ஆள் பாக்குறாங்க மாமா."

"இந்தியாவுக்கா?" அவர் மகனை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப நானும் வரேன். எவன் பாக்குறான்னு பாக்கணும்."

அன்றைக்குக் காலை ரயிலில் மூன்று பேருமாகப் போனோம். பரங்கிப்பேட்டை தாண்டியதும் மச்சான் என் பக்கம் திரும்பினான். "மச்சான், மொத ஓவர்ல நீ கொஞ்சம் பின்னால தள்ளி நில்லு. புதுப் பந்து, ஜாஸ்தி எழும்பும்" என்றான். புதுப் பந்து தனக்குத்தான் வரும் என்று அவன் நம்பியிருந்தான்.

எங்கள் ஜில்லா டீமின் கேப்டன் கடலூரில் பெயர் பெற்ற வக்கீல். வயது ஐம்பதைத் தொட்டிருக்கும். நல்ல சிவப்பு, வெள்ளைக் கால்சட்டைக்கு மேல் தொப்பை. வெள்ளைக்காரன் இருந்தபோது கிளப்பில் அவனோடு ஆடியவர் என்பது அவருக்கு ஒரு பட்டம் மாதிரி. ஆட்டம் தொடங்கும் முன் ஷாமியானாவில் சென்னைக்காரர்களுக்கு மாலை போட்டுவிட்டு ஒரு பிரசங்கம் செய்தார். தேசத்தின் எதிர்காலம் இளைஞர்கள் கையில் இருக்கிறதாம். மூத்தவர்கள் வழிவிட வேண்டுமாம். நான் கைதட்டினேன். வலிக்க வலிக்கத் தட்டினேன். நினைத்தால் இப்போதும் கை கூசுகிறது.

டாஸில் ஜெயித்து, சென்னை டீமை ஆடச் சொன்னார். புதுப் பந்தைக் கையில் வாங்கினார். மச்சான் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், "நீ அந்தப் பக்கம் போ" என்று எல்லைக் கோட்டோரம் சவுக்கு மரங்களைக் காட்டினார். முதல் ஓவரை அவரே போட்டார். நடந்து வந்து தூக்கிப் போடுகிற பந்து. அடுத்த ஓவர் அவருடைய அக்கா மகனுக்கு. டீமில் இளைஞர் என்ற கணக்கில் அவனும் சேர்ந்திருந்தான். அவன் மோசமான ஆட்டக்காரன் என்று சொல்ல மாட்டேன். ஒழுங்காகப் போடுவான். ஆனால் பாய்க்குப் பின்னால் நிற்கிற எனக்குத் தெரியாதா? அவன் பந்து வந்த வழியே நேராக வந்து, மட்டையின் நடுவில் போய் உட்கார்ந்தது.

சென்னைப் பையன்கள் சிரித்துக்கொண்டே அடித்தார்கள். மாமனும் மருமகனும் மாறி மாறிப் போட்டார்கள். நடுவில் தாசில்தார் ஆபீஸ்காரர் ஒருவர் கொஞ்சம் போட்டார். மறுபடி மாமன், மறுபடி மருமகன். மச்சானுக்கு ஓடி ஓடிப் பந்து எடுத்துக் கொடுப்பதே வேலையாகப் போயிற்று. மத்தியானத்துக்குள் அவர்கள் நூறைத் தாண்டிவிட்டார்கள். விழுந்தது ஒரே விக்கெட். அதுவும் ரன் அவுட்.

சாப்பாடு கிளப் கட்டடத்துக்குள். எங்கள் டீமின் வெளியூர்ப் பையன்களுக்கு மட்டும் வெளியே புங்க மரத்தடியில் இலை போட்டார்கள். ஏன் என்று கேட்டதற்கு, உள்ளே இடம் போதாது என்றார்கள். நான் கை கழுவப் போகும்போது ஜன்னல் வழியே பார்த்தேன். சுவரோரம் காலி நாற்காலிகள் வரிசையாக இருந்தன. யார் எந்தச் சாதி என்று காலையிலேயே யாரோ விசாரித்து வைத்திருக்கிறார்கள். அவ்வளவுதான் விஷயம்.

மாமா மரத்தடிக்கு வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். கிரிக்கெட் அவருக்குத் தெரியாது. காலையிலிருந்து சவுக்கு நிழலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஏன் மாப்ள, அடி வாங்குறவனே திரும்பத் திரும்பப் போடுறான். அடி வாங்காதவன் கையில ஏன் குடுக்க மாட்டேங்குறாங்க?"

எனக்குப் பதில் தெரியும். மச்சான் தலையைக் குனிந்து மோர்ச் சோற்றைப் பிசைந்துகொண்டே, "குடுப்பாங்கப்பா, சாப்பாட்டுக்கு அப்புறம் குடுப்பாங்க" என்றான். அவன் குரலில் துளி கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சாப்பாடு முடிந்து இறங்கினோம். கேப்டன் பந்தைத் துண்டில் துடைத்தபடி மறுபடி தானே போட வந்தார். மச்சான் மறுபடி சவுக்கு மரங்களைப் பார்த்து நடக்க ஆரம்பித்தான். அந்த முதுகைப் பார்த்தேன். என்ன செய்கிறோம் என்று யோசிக்கவில்லை. கையுறை இரண்டையும் கழற்றி ஸ்டம்புக்குப் பக்கத்தில் தரையில் வைத்தேன்.

"என்னப்பா, கையில அடியா?" என்றார் கேப்டன்.

"இல்ல சார். அவன் போட்டா நான் நிக்கிறேன். இல்லன்னா வேற யாரையாவது நிக்கச் சொல்லுங்க."

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் காது மடல் சிவந்துவிட்டது. கிட்டே வந்து பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "யாருக்கு எப்போ குடுக்கணும்னு எனக்குத் தெரியும். பேசாம எடுத்து மாட்டு."

"காலையிலேர்ந்து பாத்துட்டுதான் சார் சொல்றேன்."

"நீ யார்றா எனக்குச் சொல்ல?"

"உங்க பந்தப் புடிக்க நிக்கிறவன் சார். அதுவும் இன்னிக்கு எங்க வந்துது? எல்லாம் மட்டையோட போயிடுச்சு."

மட்டை பிடித்திருந்த சென்னைப் பையன் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டான். ஆட்டம் நின்றதைப் பார்த்து ஷாமியானாவிலிருந்து பெரிய மனிதர்களில் ஒருவர் எழுந்து நின்றார். கேப்டன் அதைக் கவனித்தார். உடனே முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு, மச்சானைக் கைதட்டிக் கூப்பிட்டு, பந்தை அவன் காலடியில் எறிந்தார். "போடு தம்பி, பாக்கலாம்."

மச்சானின் முதல் ஓவர் சகிக்கவில்லை. இரண்டு பந்து எல்லைக்கு ஓடின. கேப்டன் என்னைப் பார்த்து இப்போது நிஜமாகவே சிரித்தார். அடுத்து அக்கா மகன் ஒரு ஓவர் போட்டு முடிக்கும் வரை எனக்கு உயிரே இல்லை. மறுபடி மச்சான். அவன் ஓடி வந்த விதத்திலேயே தெரிந்துவிட்டது, இது எங்கள் விடியற்காலை ஓட்டம் என்று. பந்து பாயில் பட்டு நிமிர்ந்து திரும்பியது, ஸ்டம்ப் சாய்ந்தது. அடுத்து வந்தவனின் மட்டையின் விளிம்பை உரசி என் கைக்கு வந்தது. அதற்கடுத்தவன் கொடுத்த கேட்ச் ஸ்லிப்பில் நின்ற கேப்டனின் மடியிலேயே விழுந்து கீழே உருண்டது. கண்ணில் வெயில் பட்டது என்றார். வெயில் அவர் முதுகில் அடித்துக்கொண்டிருந்தது. அப்படியும் சென்னை டீமில் பாதிப் பேருக்கு மேல் மச்சான் ஒருவனே அவுட்டாக்கினான். சவுக்கு நிழலில் மாமா துண்டை உதறித் தோளில் போடுவதும் எடுப்பதுமாக இருந்தார்.

நாங்கள் மட்டை பிடித்தபோது கேப்டன் முதலில் இறங்கி வெகுநேரம் ரன் எடுக்காமல் கட்டையடி அடித்தார். ஆட்டம் டிராவில் முடிந்தது. கிளம்பும்போது அந்தப் பெரிய மனிதர் மச்சானின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "கூப்பிடுவோம், தயாரா இரு" என்றார். ரயிலில் மாமா பக்கத்துச் சீட்டுக்காரர்களிடமெல்லாம் மகன் இந்தியாவுக்கு ஆடப் போவதாகச் சொல்லிக்கொண்டே வந்தார். நாங்கள் தடுக்கவில்லை.

சென்னைக்குப் போனது அக்கா மகன்.

கல்லூரியில் விளையாட்டைக் கவனிக்கிற வாத்தியார் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார். கடலூரிலிருந்து சொல்லிவிட்டார்களாம். பந்து போடுகிற பையனிடம் திறமை உண்டு, ஆனால் அடக்கம் இல்லை. இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு மைதானத்தில் கலகம் செய்தார்கள். இப்படிப்பட்டவர்களை மேலே அனுப்பினால் ஜில்லாவுக்கு அவமானம். சொல்லும்போது வாத்தியாரால் எங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நான் ஆத்திரத்தில் குதித்தேன். மச்சான் வகுப்புக்குப் போய்விட்டான். அதற்குள் நடந்த ஒன்றை அவன் என்னிடம் கடைசி வரை சொல்லவில்லை. மாமா சொல்லித்தான் தெரிந்தது. ஆட்டம் முடிந்த சில நாளில் கேப்டன் அவனைத் தனியே கடலூருக்கு வரச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு நடந்ததற்கும் தனக்கும் சம்பந்தம் இல்லை, எல்லாம் கீப்பர் செய்த வேலை, அவனோடு இனிமேல் சேர மாட்டேன் என்று கிளப் ஆட்கள் முன்னால் ஒரு வார்த்தை சொன்னால் போதும், சென்னைக்கு அனுப்பிவிடுகிறேன் என்றிருக்கிறார்.

"இவன் இன்னா சொன்னான் மாமா?" என்று கேட்டேன்.

"அவன் எங்கூட்டுப் புள்ள சார்னு சொல்லிட்டு எழுந்து வந்துட்டான்." மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீ போயி அவன்கிட்ட இதக் கேக்காத மாப்ள."

கேட்கவில்லை. மறுநாளே கடலூருக்கு ரயில் ஏறினேன். வக்கீல் வீட்டு முன்கூடத்தில் வழக்குக்காக வந்த கட்சிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவரோ சிரித்த முகமாக உட்காரச் சொன்னார், காப்பி கொண்டுவரச் சொன்னார். "உனக்கு நல்ல கை இருக்கு. வாய்தான் ஜாஸ்தி. அதக் குறைச்சுக்கோ, அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றார். கட்சிக்காரர்களைப் பார்த்து, "இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுமையே இல்ல. இவங்கள நம்பி நாட்டோட டீம எப்படி விடறது, சொல்லுங்க" என்றார். அவர்கள் தலையாட்டினார்கள்.

நான் எழுந்து நின்றேன். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சு ஒன்றும் வாயில் வரவில்லை. வந்தது இதுதான்:

"பொறுமை இருக்குற பையன் ஒருத்தன் காலையிலேர்ந்து மத்தியானம் வரைக்கும் சவுக்கு மரத்துக்கிட்ட நின்னான் சார். அவன நீங்க பாக்கல. நீங்க எழுந்து போனாலே டீம் பாதி தேறிடும்."

நான் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன்.

அந்த வருஷக் கடைசியில் வெஸ்ட் இண்டீஸ்காரர்கள் நம் ஊருக்கே வந்து நம்மைத் தோற்கடித்துவிட்டுப் போனார்கள். சைக்கிள் கடையில் மறுபடி அதே பேச்சு. நான் அந்தத் தெருவில் போவதையே விட்டுவிட்டேன். ஜில்லா டீமிலிருந்து எனக்கு அப்புறம் அழைப்பு வரவில்லை. அக்கா மகன் சென்னையிலிருந்து சில மாதத்தில் திரும்பி வந்து பாங்கில் வேலைக்குச் சேர்ந்தான். மச்சான் பட்டம் வாங்கி, மங்கலம்பேட்டைப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராகப் போனான். சேர்ந்த முதல் மாதமே பள்ளிக்கூடப் பையன்களைச் சேர்த்து ஒரு டீம் கட்டினான். ஒரு சனிக்கிழமை பார்க்கப் போயிருந்தேன். பொட்டல் தரையில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. அவன் கையில் பந்து இல்லை. ஓரத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றான்.

"நீ ஒரு ஓவர் போடேன் மச்சான்" என்றேன்.

"பசங்க போடுறானுங்க இல்ல," என்றான், கண்ணை ஆட்டத்திலிருந்து எடுக்காமல்.